ஓர்வியேத்தோவா, அசிசியா, குப்பியோவா? இளவேனிலில் ஒரு மலைநகரைத் தேர்ந்தெடுத்தல்

ரோமுக்கும் புளோரன்சுக்கும் இடையில் நான்கு இரவுகள் கையில் இருக்கின்றன. அவற்றை மத்திய இத்தாலியின் பழமையான மலைநகர் ஒன்றில் கழிக்க விருப்பம். வாடகைக் கார் எடுப்பதாக இல்லை, ரயிலும் பேருந்தும்தான். உடன் வருபவர்களுள் ஒருவர் அறுபதைக் கடந்தவர், படியேற்றம் அவருக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. காலம் 2027 மார்ச் இறுதியிலிருந்து மே இறுதி வரை. இந்த நிலையில் எந்த நகரைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. உம்பிரியா மாநிலத்தின் ஓர்வியேத்தோ, அசிசி, குப்பியோ ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

பலரும் முதலில் சொல்லும் பெயர் சியன்னாதான், ஆனால் அதை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. மூன்று குன்றுகளின்மேல் விரிந்த அது ஒரு முழு நகரம். அதற்குத் தனிப் பயணமே வேண்டும். மேலும், சியன்னாவின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வரும் இரண்டும் இளவேனிலில் கிடைப்பதில்லை. பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாள்களில் நடக்கிறது. பேராலயத்தின் பளிங்குச் சித்திரத் தரையும் ஆண்டின் பெரும்பகுதி மூடியே இருந்து, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்களுக்கு மட்டுமே திறந்து காட்டப்படுகிறது.

மூன்று நகரங்களுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்வரும் என் தீர்ப்புகள் அனைத்தும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. இவ்வூர்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காலை பத்து மணிக்குப் பேருந்தில் வந்து இறங்கி, மாலை ஐந்து மணிக்குள் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகிறது. கடைக்காரர்கள் வாசலுக்கு வருகிறார்கள், முதியவர்கள் இணையிணையாக உலாவப் புறப்படுகிறார்கள், கல்சுவர்களில் மாலை வெயில் மஞ்சளாக இறங்குகிறது. ஏப்ரல் நடுவில் ஏறத்தாழ 7.45 மணி வரையிலும், மே நடுவில் 8.20 மணியைத் தாண்டியும் அங்கே பகல் நீள்கிறது. ஆகவே எந்த ஊர் அழகு மிகுந்தது என்ற கேள்வி பெரிதாக உதவாது. எந்த ஊரின் மாலையையும் விடியலையும் சிரமமில்லாமல் நடந்து அனுபவிக்க முடியும் என்று கேட்டால்தான் முடிவெடுக்க வழி பிறக்கும்.

நாள்களைப் பார்ப்போம். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28ஆம் நாள் வருகிறது. ஐரோப்பாவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதும் அன்றுதான். புனித வாரத்தில் அசிசி யாத்திரிகர்களால் நிரம்பி வழியும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இத்தாலியர்கள் குடும்பத்தோடு வெளியூர் செல்வது வழக்கம் என்பதால் மூன்று ஊர்களிலுமே நெரிசல் இருக்கும். மார்ச் இறுதியில் குன்றுகளின்மேல் இரவுக் குளிர் இன்னும் கடுமையாகவே இருக்கும். ஈஸ்டர் இவ்வளவு முன்னதாக வருவதில் நமக்கு ஒரு நன்மை உண்டு: ஏப்ரல் மாதம் கிட்டத்தட்ட முழுவதும் நெரிசலின்றிக் கிடைக்கிறது. ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள், அவ்வாண்டு அது ஞாயிற்றுக்கிழமை. மே முதல் நாள் சனிக்கிழமை. இந்த இரு வார இறுதிகளையும் தவிர்த்துவிட்டால் ஏப்ரல் 5 முதல் 23 வரையிலான வாரநாள்களே மிக அமைதியானவை என்பது என் கணிப்பு. அப்போது பகலில் 15 முதல் 18 பாகை வரையும், இரவில் 6 முதல் 8 பாகை வரையும் எதிர்பார்க்கலாம். இடையிடையே மழையும் உண்டு. மே நடுவில் பகல் 20 பாகையைத் தாண்டும், வயலோரங்களில் சிவப்புப் பாப்பிப் பூக்கள் விரியும். கூட்டமும் அறை வாடகையும் கூடவே உயரும்.

இனி ஏற்றமும் இறக்கமும். வழிகாட்டி நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் இந்தப் பகுதியில்தான் நமது முடிவு பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

ஓர்வியேத்தோ நகரம் செங்குத்தான பாறை மேசை ஒன்றின்மேல் அமர்ந்திருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பழுப்பு மென்கல் அது. ரோமிலிருந்து புளோரன்ஸ் செல்லும் ரயில் பாதையிலேயே ஊர் இருப்பதால், ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து வண்டி மாறாமல் ஒன்றேகால் மணி நேர அளவில் வந்துவிடலாம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பியால் இழுக்கப்படும் மலை ரயில் புறப்படுகிறது; பழநியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1888இல் நீரின் எடையால் இயங்கும்படி அமைக்கப்பட்ட அந்த வண்டி, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. சில நிமிடங்களில் மேலே காகென் சதுக்கத்தில் இறங்கினால், அங்கிருந்து பேராலயத்துக்குச் சிறு பேருந்து செல்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, மேலே சென்றபின் தரை பெரும்பாலும் சமமாக இருப்பதுதான். ஊரின் மேற்குக் கோடியில் உள்ள பழைய பகுதிக்குப் போகும்போது மட்டும் சற்றுச் சரிவு உண்டு. முழங்கால் வலி உள்ளவர் நாள் முழுவதும் தன்போக்கில் நடக்கக்கூடிய மலைநகர் இத்தாலியில் அரிது. ஓர்வியேத்தோ அவ்வகையைச் சேர்ந்தது.

அசிசியின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. 1290 மீட்டர் உயரமுள்ள சுபாசியோ மலையின் சரிவில், கிழக்கு மேற்காக ஒரு நீண்ட திண்ணைபோல அது படிந்திருக்கிறது. ரயில் நிலையம் கீழே சமவெளியில், சாந்த மரியா தெலி ஆஞ்சலி என்னும் ஊரில் உள்ளது. அங்கிருந்து நகரத்துக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் பேருந்தில் ஏறிச் செல்ல வேண்டும். ரோமிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஃபொலிஞோவில் வண்டி மாற வேண்டும், பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெருக்கள் மூன்று நான்கு தளங்களாக ஒன்றன்மேல் ஒன்று ஓடுகின்றன. அவற்றை இணைப்பவை படிக்கட்டுகளும் செங்குத்தான சந்துகளுமே. இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. பேருந்தில் மேல்முனையான மத்தேயோத்தி சதுக்கம் வரை சென்று இறங்கிக்கொண்டு, அங்கிருந்து நகர்மன்றச் சதுக்கம் வழியாக மேற்கு நோக்கி இறக்கத்திலேயே நடந்தால், கீழ்முனையில் உள்ள புனித பிரான்சிஸ் பேராலயத்தை வந்தடையலாம். அதற்குக் கீழே மீண்டும் பேருந்து கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் இந்த உபாயம் போதுமானது. நான்கு நாள் தங்குபவர், அறைக்கும் உணவகத்துக்கும் இடையே தினமும் ஏறி இறங்கியே ஆக வேண்டும்.

குப்பியோவுக்கு ரயிலே இல்லை. மிக அருகிலுள்ள நிலையமான ஃபொசாத்தோ தி வீகோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அல்லது பெருஜாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் பேருந்தில் வர வேண்டும். இஞ்சினோ மலையின் அடிவாரத்தில் சாம்பல்நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டப்பட்ட இந்த ஊரும் சரிவில்தான் இருக்கிறது, ஆனால் மேல்தளத்துக்குச் செல்ல மின்தூக்கிகள் உதவுகின்றன. மலையுச்சியில் உள்ள, ஊரின் காவல் புனிதரான உபால்தோவின் ஆலயத்துக்கு ஏற, இருவர் நின்றபடி செல்லும் திறந்த கம்பிக் கூடைகள் ஓடுகின்றன. கூடை நிற்காது, நகரும்போதே அடியெடுத்து வைத்து ஏற வேண்டும். உயரத்தை அஞ்சுபவருக்கும் கால் தடுமாறுபவருக்கும் அது ஏற்றதல்ல.

இந்த அளவில் ஓர்வியேத்தோ முந்திக்கொண்டுவிட்டது. ஆனால் வசதிக்காக மட்டும் ஒரு பழைய நகரைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகாது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதும் எடைபோடப்பட வேண்டும்.

ஓவியத்தைப் பொறுத்தவரை அசிசிக்கு நிகராக மற்ற இரண்டையும் நிறுத்த முடியாது. 1228இல், இவ்வூரில் பிறந்த துறவியான புனித பிரான்சிஸ் இறந்து இரண்டே ஆண்டுகளில் தொடங்கப்பட்டது அவர் பெயரிலான பேராலயம். 1253இல் அருட்பொழிவு பெற்றது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள், அவற்றுக்கும் கீழே அவருடைய கல்லறை. மேற்கோயிலின் சுவர்களில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் 28 சுவரோவியக் காட்சிகள் ஓடுகின்றன. அவை ஜொத்தோ வரைந்தவையா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. பறவைகளுக்கு உபதேசம் செய்யும் காட்சியின் முன் நிற்கும்போது அந்த விவாதம் நினைவில் இருப்பதில்லை. கீழ்க்கோயிலின் மங்கிய வெளிச்சத்தில் சிமபுவே, சிமோனே மார்த்தினி, பியெத்ரோ லொரென்செத்தி ஆகியோரின் கைவண்ணங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1997 செப்டம்பர் 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மேற்கோயிலின் கூரை வளைவுகள் இடிந்து நால்வர் இறந்தனர். நொறுங்கி விழுந்த ஓவியத் துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்த்து, 1999இல் கோயிலை மீண்டும் திறந்தார்கள். கூரையை அண்ணாந்து பார்க்கும்போது, இன்னும் வெறுமையாகவே விடப்பட்டுள்ள இடங்களையும் கவனியுங்கள். ஓவியங்களுக்கு அளிக்கப்படும் அதே மதிப்பு அந்த வெற்றிடங்களுக்கும் உரியது என்று நான் கருதுகிறேன்.

இங்கே காலம் பார்த்துச் செல்வது அவசியம். காலையில் கதவு திறந்தவுடனோ மாலையின் கடைசி ஒரு மணி நேரத்திலோ சென்றால்தான் கீழ்க்கோயிலில் அமைதி கிடைக்கும்; பகலில் குழுக்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும், உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. ஊருக்குமேலே நான்கு கிலோமீட்டர் தொலைவில், ஓக் காட்டுக்குள் பிரான்சிஸ் தனித்திருந்து தியானித்த கார்ச்செரி துறவிமடம் இருக்கிறது. ஏப்ரலில் அந்தக் காட்டின் இளந்தளிர் நிறத்தைக் காண்பதற்காகவே அங்கு போகலாம். முதியவர் வாடகை வண்டியில் போய் வருவது நல்லது. மே 1க்குப் பின் வரும் புதன் முதல் சனி வரை கலெந்திமாஜோ என்னும் இளவேனில் விழா நடப்பது வழக்கம். ஊர் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என இரு அணிகளாகப் பிரிந்து, இடைக்கால உடையில் பாட்டிலும் ஊர்வலத்திலும் போட்டியிடும். அழகான விழா, ஆனால் அந்த நான்கு நாள்களில் அமைதியைத் தேடி அசிசிக்குப் போகக் கூடாது.

ஓர்வியேத்தோவின் செல்வம் வேறு வகையானது. 1290இல் தொடங்கிய அதன் பேராலயம், வெண்கல்லும் கருங்கல்லும் மாறிமாறி அடுக்கிய கோடுகளோடு எழுந்து நிற்கிறது. லொரென்சோ மைத்தானி வகுத்த முகப்பின் அடிப்பகுதியில், படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான கதை பளிங்கில் செதுக்கப்பட்டுள்ளது. உச்சிவரை தங்கப் பின்னணியில் வண்ணக் கண்ணாடிச் சில்லுச் சித்திரங்கள். முகப்பு மேற்குப் பக்கம் பார்ப்பதால், பிற்பகல் வெயில் பட்டு அது ஒளிரத் தொடங்கும் நேரமும் பகல்பயணிகள் கிளம்பும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. எதிரே உள்ள கல்திண்ணையில் உட்கார்ந்து அந்த ஒளி மங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. உள்ளே சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் 1447இல் ஃப்ரா ஆஞ்சலிகோ தொடங்கி விட்டுச்சென்ற பணியை, 1499 முதல் 1504 வரை லூக்கா சிஞொரெல்லி முடித்தார். இறந்தவர்கள் மண்ணிலிருந்து உடலோடு எழும் காட்சியையும், பாவிகள் அரக்கர்களிடம் சிக்கித் தவிக்கும் காட்சியையும் காணும்போது, மிக்கெலாஞ்சலோ இவரிடமிருந்து கற்றார் என்று சொல்லப்படுவது மிகையாகத் தோன்றாது. போலிக் கிறிஸ்துவின் காட்சியில் இடது ஓரமாகக் கறுப்பு உடையில் நின்று நம்மைப் பார்ப்பவர் சிஞொரெல்லியேதான், பக்கத்தில் நிற்பவர் ஃப்ரா ஆஞ்சலிகோ. தனக்கு முன் அந்தச் சுவரில் உழைத்தவரைத் தன் அருகிலேயே நிறுத்திய அந்தப் பண்பு என்னை மிகவும் கவர்கிறது.

ஓர்வியேத்தோவுக்கு இன்னொரு முகம் தரைக்குக் கீழே இருக்கிறது. 1527இல் ரோம் நகரம் படைகளால் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே புகலடைந்த ஏழாம் கிளெமெந்து பாப்பரசர், முற்றுகை வந்தால் ஊர் தண்ணீரின்றித் தவிக்குமே என்று அஞ்சி ஒரு கிணறு வெட்டச் செய்தார். இளைய அந்தோனியோ தா சங்காலோ வடிவமைத்த அந்தப் புனித பேட்ரிக் கிணறு 50 மீட்டருக்கும் மேல் ஆழமானது. ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுருள் வழிகள் அதன் சுவருக்குள் சுற்றிச் செல்கின்றன. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒரு வழியில் இறங்கி மறுவழியில் ஏறும். வழியில் எதிரெதிரே முட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. 248 படிகள், கிணற்றுக்குள் வெளிச்சம் விழ 70 சாளரங்கள். முழங்கால் வலி உள்ளவர் மேலிருந்து எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இது தவிர, ரோமர்களுக்கு முன் இப்பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர் காலம் தொட்டு மென்கல்லைக் குடைந்து அமைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் ஊரின் அடியில் உள்ளன. எண்ணெய் ஆட்டும் செக்கு, கிணறுகள், சுவர் முழுக்கப் பொந்து பொந்தாகப் புறாக் கூடுகள் ஆகியவற்றை வழிகாட்டியோடு சென்று காணலாம். ஏப்ரல் மழை பிடித்துக்கொண்டால் அசிசியின் கல்தெருக்கள் வழுக்கும், குப்பியோவில் அறைக்குள் முடங்க நேரும்; ஓர்வியேத்தோவிலோ நிலத்தடியில் இரண்டு மணி நேரம் பயனாகக் கழியும்.

நான்காம் நாளுக்கு வேலை இருக்குமா என்ற ஐயம் எழலாம். ஊரின் பாறையைச் சுற்றி அடியில் ஓடும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடைபாதை, அதன் வழியில் வீடுகள் போலத் தெருத்தெருவாக அடுக்கப்பட்ட எத்ருஸ்கர் கல்லறைகள், பேருந்தில் சென்று வரக்கூடிய சிவித்தா தி பாஞோரெஜோ ஆகியவை அதற்குப் போதும். சரிந்துகொண்டே வரும் களிமண் குன்றின்மேல், ஒரே ஒரு நீண்ட நடைபாலத்தால் மட்டும் உலகோடு தொடர்புகொண்டிருக்கும் சிவித்தாவை "சாகும் நகரம்" என்றே இத்தாலியர் அழைக்கிறார்கள். பாலத்தின் முடிவில் செங்குத்தான ஏற்றம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தை நம்பித் திட்டமிடுவதும் கூடாது.

குப்பியோவுக்கு நான் நியாயம் செய்ய விரும்புகிறேன், ஏனெனில் மூன்றில் சுற்றுலாவால் மிகக் குறைவாக மாறிய ஊர் அதுவே. 14ஆம் நூற்றாண்டின் கொன்சொலி மாளிகை, பெரும் வளைவுகளின்மேல் தாங்கி நிறுத்தப்பட்ட சதுக்கத்தின் ஓரத்தில் ஊர் முழுவதையும் ஆள்வதுபோல நிற்கிறது. அதன் அருங்காட்சியகத்தில், 1444இல் கண்டெடுக்கப்பட்ட ஏழு வெண்கலத் தகடுகள் உள்ளன. மறைந்துபோன உம்பிரிய மொழியில் பூசாரிகளின் சடங்கு விதிகளைக் கூறும் அவையே அம்மொழியில் நமக்குக் கிடைத்துள்ள மிக நீண்ட எழுத்து. முற்பட்டவை எத்ருஸ்க எழுத்திலிருந்து பிறந்த உம்பிரிய எழுத்திலும், பிற்பட்டவை இலத்தீன் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு மொழி தன் எழுத்தை இழந்து இன்னொன்றை ஏற்கும் தருணத்தை வெண்கலத்தில் காண்பது மொழியில் பற்றுள்ள எவரையும் உலுக்கும்.

ஆனால் இளவேனிலில் குப்பியோ என்றால் மே 15தான். புனித உபால்தோவின் திருநாளுக்கு முந்திய நாளான அன்று, ஏறத்தாழ 280 கிலோ எடையும் நான்கு மீட்டருக்குமேல் உயரமும் கொண்ட மூன்று மரத் தூண்களைத் தோளில் தாங்கி இளைஞர்கள் மலையுச்சி வரை ஓடுகிறார்கள். சேரி எனப்படும் இத்தூண்களின் உச்சியில் உபால்தோ, ஜார்ஜ், அந்தோனியார் ஆகியோரின் உருவங்கள் இருக்கும். இது ஓட்டம் என்றாலும் முந்துவதற்கில்லை. உபால்தோதான் எப்போதும் முதலில் செல்வார். தூண் சாயாமல் ஓடுவதிலும், தோள் மாற்றும்போது வேகம் குறையாமல் இருப்பதிலும்தான் பெருமை. உம்பிரியா மாநிலத்தின் கொடியில் இருப்பவையும் இந்த மூன்று தூண்களே. 2027இல் மே 15 சனிக்கிழமை. மறுநாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு. அன்று நண்பகலில் ஓர்வியேத்தோவின் பேராலயச் சதுக்கத்தில், ஒரு புறாவைக் கம்பி வழியே இறக்கித் தூய ஆவியின் வருகையைக் குறிக்கும் பலொம்பெல்லா விழா. விலங்குகளின் நலம் கருதி அதற்குப் பல ஆண்டுகளாக எதிர்ப்பும் இருந்துவருகிறது. இரண்டையும் ஒரே வார இறுதியில் பார்க்கலாமே என்று நாட்காட்டி ஆசை காட்டும். பேருந்தையும் ரயிலையும் மட்டும் நம்பி, ஞாயிறு காலை குப்பியோவிலிருந்து புறப்பட்டு நண்பகலுக்குள் ஓர்வியேத்தோவை அடைவதாகத் திட்டமிடுவது வீண் பதற்றம். மே 15 அன்று குப்பியோவின் தெருக்களில் முதியவரை அழைத்துச் செல்வதும் சரியல்ல. தூண்கள் நெருங்கும்போது கூட்டம் சுவரோடு சுவராக ஒதுங்க வேண்டியிருக்கும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் மூன்று ஊர்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. உம்பிரியா பன்றியிறைச்சிக்குப் பெயர்போன மண். காய்கறி மட்டும் உண்பவர் கேட்டு உறுதிசெய்துகொண்டே உண்ண வேண்டும். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டும் உம்பிரிச்செல்லி, கல்லில் சுடும் தட்டை ரொட்டி, பருப்புச் சாறு, இளவேனிலுக்கே உரிய காட்டு அஸ்பராகஸ், பிஞ்சு மொச்சை ஆகியவை பசியாற்றும். ரொட்டியில் உப்பு இருக்காது. அது அவ்வூர் வழக்கம்.

என் முடிவு இது. மேலே சொன்ன சூழலில் உள்ளவர்கள் நான்கு இரவுகளையும் ஓர்வியேத்தோவிலேயே, ஏப்ரல் 12ஆம் தேதி திங்கள் முதல் 16ஆம் தேதி வெள்ளி வரை கழிக்க வேண்டும். முழங்கால் வலி இல்லாதவர்களும், பிரான்சிஸ் என்ற மனிதரிடமோ ஜொத்தோ காலத்து ஓவியத்திடமோ மனம் தோய்ந்தவர்களும், அதே வாரத்தில் அசிசியில் மூன்று இரவுகள் தங்கலாம். இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே என்று பிரிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே தெரொந்தொலாவில் வண்டி மாறிச் செல்ல வேண்டும். பெட்டியோடு அரை நாள் போய்விடும், இரு ஊர்களிலும் ஒரு மாலை குறையும். குப்பியோவை, இத்தாலிக்கு இரண்டாம் முறை வரும்போது, மே 15ஐ மையமாக வைத்துத் தனியே திட்டமிடுங்கள்.

ஓர்வியேத்தோவில் ரயில் நிலையத்தை ஒட்டிய கீழ்ப்பகுதியில் மலிவான அறைகள் கிடைக்கும். மலை ரயில் இரவு வெகுநேரம் ஓடுவதில்லை என்பதால், அங்கே தங்கினால் இவ்வளவு தேர்ந்து தேடிய மாலைப்பொழுதே கைநழுவும். மதிலுக்குள், பேராலயத்துக்கும் மோரோ கோபுரத்துக்கும் இடையே அறை எடுங்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இல்லாதது சாதாரணம், ஆகவே அறை எந்தத் தளத்தில் என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். வட்டார ரயிலின் காகிதப் பயணச்சீட்டை ஏறுமுன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், தவறினால் அபராதம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், ஏப்ரல் நடுப் பயணத்துக்கு அக்டோபர் நடுவிலேயே வழி திறக்கிறது. விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி விட்டுவிடக்கூடிய அறையாகப் பார்த்துப் பதிவுசெய்வது நல்லது.